கட்டிய வேலைக்குப் பணம் வரவில்லையா? சிறு ஒப்பந்ததாரர்களுக்குச் சட்டம் தரும் வழிகள்

புதுதில்லி: கட்டடத்தை முடித்துச் சாவியையும் ஒப்படைத்த பின்னர், நிலுவைத் தொகைக்காக உரிமையாளரின் வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க மாநிலங்களில், வேலை செய்தவரே அந்தக் கட்டடத்தின் மீது பற்றுரிமையைப் பதிவு செய்ய முடியும். மேரிலாந்தில் 1791-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அப்படியொரு பதிவு முறை இல்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவு, பட்டை தீட்டிய வைரத்தைக் கூலி கிடைக்கும் வரை தன்னிடமே வைத்துக்கொள்ள நகைத் தொழிலாளிக்கு அனுமதி அளிக்கிறது. துணி தைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால், அடுத்தவர் நிலத்தில் எழுப்பிய சுவரைக் கொத்தனார் தன்வசம் வைத்திருக்க இயலாது. எனவே, அவர் கட்டடத்தை விடுத்துக் கடனையே துரத்த வேண்டியுள்ளது.

குறு, சிறு நிறுவனங்கள் முதலில் நாடுவது குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. இதன்படி, ஒப்பந்தத்தில் எத்தகைய தவணை குறிப்பிட்டிருந்தாலும், பணியை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். இணையதளம் வழியாக மாநில வசதிக் குழுவிடம் முறையிடலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் எதிர்த்தரப்பு, 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். பேச்சுவார்த்தையில் சிறு நிறுவனத்தின் கையை வலுப்படுத்துவது இந்த விதிதான்.

கட்டுமானத் துறையினர் கவனிக்க வேண்டிய சிக்கலும் இங்கேயே உள்ளது. பொருளும் உழைப்பும் கலந்த பணி ஒப்பந்தங்கள் இச்சட்டத்தில் அடங்கா என்று மும்பை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. உத்யம் பதிவுக்கு முன்னர் செய்த பணிக்கு இச்சலுகை கிடைக்காது என உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பதிவு தொடர்பான கேள்வி 2025 ஜனவரியில் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்பே பதிவை முடித்துவிடுவது பாதுகாப்பானது.

வசதிக் குழுவின் கதவு திறக்காவிட்டால், வணிக நீதிமன்றம் உண்டு. ரூ.3 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளை அது விசாரிக்கும். வழக்குத் தொடுக்கும் முன் சமரச முயற்சி கட்டாயம். அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படும் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தொகையைத் தராமல் ஏமாற்றும் நோக்கில் உரிமையாளர் சொத்தை விற்க முனைகிறார் என்று ஆதாரத்துடன் காட்டினால், தீர்ப்புக்கு முன்பே அதை முடக்கி வைக்குமாறு கோரலாம். அமெரிக்கப் பற்றுரிமைக்கு இங்குள்ள நெருங்கிய மாற்று இதுவே எனலாம். எனினும், நீதிமன்றங்கள் இதை எளிதில் வழங்குவதில்லை. வெறும் சந்தேகம் போதாது.

கடன் வாங்கியது ஒரு நிறுவனமாக இருந்து, நிலுவை ரூ.1 கோடி அல்லது அதற்கு மேல் இருந்தால், திவால் சட்டத்தின் கீழும் நோட்டீஸ் அனுப்பலாம். வேலையின் தரம் குறித்து ஏற்கெனவே கடிதப் போக்குவரத்தில் தகராறு எழுந்திருந்தால், அந்த மனு நிற்காது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வழக்கு நிற்பது காகிதத்தில்தான். கையொப்பமிட்ட அளவுப் புத்தகம், இடைக்காலப் பில்கள், கூடுதல் வேலைக்கான எழுத்துபூர்வ உத்தரவு ஆகியவை இன்றி, செய்த வேலையின் அளவை நிரூபிப்பது கடினம். "இன்னும் ரெண்டு அறை சேர்த்துக் கட்டுங்க" என்ற வாய்மொழி உத்தரவே பெரும்பாலும் தகராறின் வித்தாகிறது.

காலக்கெடுவும் கடுமையானது. பணம் தரும் தேதி குறிக்கப்படாத வேலைக்கு, அது முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உரிமையாளர் வாய்ச்சொல்லாகத் தரும் தவணை இக்கெடுவை நீட்டிக்காது. கெடு முடியும் முன்னரே அவர் கையொப்பமிட்டு கடனை ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும்.