ஏரிக்கரை உணவில் காயும் கனியும்

மாரிக்காலம் கழிந்து தை பிறக்கும் நாட்களில் பழவேற்காட்டு ஏரிக்குச் சென்றவர்கள், ஆழமில்லாத நீரில் கூட்டங்கூட்டமாக நின்று மேயும் பூநாரைகளைக் கண்டிருப்பார்கள். நெடிய காலும் வளைந்த அலகும் உடைய அப்பறவை சிறகை விரித்து எழும்போது, மடிப்பினுள் மறைந்திருந்த செந்நிறம் பளிச்சென்று வெளிப்படும். அந்நிறம் அதற்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமே உடையது. சேற்றைத் துழாவி அது உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள்கள் உள்ளன; அவையே நாளடைவில் இறகில் ஏறி நிற்கின்றன. உயிர்க்காட்சிச் சாலையில் வளரும் பூநாரைக்கு அவ்வுணவு கிடைக்காவிடின், அது வெளுத்துப்போகும்.

அதே இனத்தைச் சேர்ந்த நிறப்பொருள்கள் பப்பாளியிலும் மாம்பழத்திலும் பரங்கிக்காயிலும் இருக்கின்றன. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. பச்சை நிறம் மேலோங்கி நிற்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றுள் சிலவற்றை நம் உடல் வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்தாக மாற்றிக்கொண்டு, கண்ணையும் தோலையும் காக்கிறது. பூநாரைக்கு வேண்டியதை ஏரி நேரே ஊட்டிவிடுகிறது. அந்த ஏரியின் கரையில் வாழும் மனிதர்க்கு வேண்டிய காயும் கனியும் எங்கிருந்து வருகின்றன? அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

பழவேற்காடு என்னும் பெயரிலேயே பழம் இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் குறும்பாகக் கேட்கலாம். அது உண்ணும் பழம் அன்று, பழமை. வேற்காடு என்பதற்கு வேல மரக் காடு என்று பொருள் கூறுவர். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர்க் காயல் இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்திருக்கிறது. தெற்கே ஆரணியாறு வந்து கலக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இந்த இடத்தில் மடவையும் இறாலும் நண்டும் செழிக்கின்றன. ஆனால் எந்த உப்பு இறாலை வளர்க்கிறதோ, அந்த உப்பே கத்தரிச் செடியை வாட்டிவிடுகிறது. குப்பத்து மண்ணோ வெறும் மணல். நல்ல தண்ணீரோ குடிப்பதற்கே அளந்து செலவிடப்படுவது. காய்கறிக்குப் பெரிய சந்தை வேண்டுமானால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொன்னேரிக்குப் போகவேண்டும். ஆகவே அங்குள்ள வீடுகளில் சோறும் மீன்குழம்பும் நாள்தோறும் இருக்க, காய் என்பது வந்தால் வரும் விருந்தாளியாக இருப்பதில் வியப்பில்லை. இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமும் ஆகாது.

மீனைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உயர்ந்த புரதமும், அயோடினும், முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன்களில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பல ஊர்க்காரர் விலை கொடுத்து வாங்கத் தயங்கும் உணவு, வலைஞர் வீட்டுச் சட்டியில் அன்றாடம் கொதிக்கிறது. எனினும் மீனில் நார்ச்சத்து இல்லை. வைட்டமின் சி பெயரளவில்தான் உண்டு. சோற்றிலும் அவ்விரண்டையும் எதிர்பார்க்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவல்லவை காயும் கீரையும் பழமுமே.

கடலோடு வாழ்பவர்க்கு இந்தக் குறை புதிதன்று. 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய கப்பல்கள் மாதக்கணக்கில் கடலிலேயே மிதந்துதான் இங்கு வந்து சேர்ந்தன. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்ற மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, பழைய புண்கள் மீண்டும் திறந்தன, பலர் மாண்டனர். ஸ்கர்வி என்பது அந்நோயின் பெயர். 1652இல் டச்சுக் கம்பெனியார் ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியேற்றம் அமைத்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். போகும் வரும் கப்பல்களுக்குப் பசிய காய்கறி ஏற்றுவது அக்குடியேற்றத்தின் முக்கியமான நோக்கங்களுள் ஒன்று. ஒரு கட்டு கீரைக்காக ஒரு கம்பெனி கண்டத்தின் முனையில் ஊரே அமைத்தது என்று விளையாட்டாகச் சொல்லலாம். பின்னர் 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகையான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைந்து தேறினார்கள். அப்பழங்களில் இருந்த பொருள் இன்னதென்று தெரிய, அதற்குப்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் 1918இல் தொடங்கிய ஆய்வு, பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, பசிய காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்ற எலிகளோ நலிந்து கிடந்தன. நமக்குச் சற்றுக் கசப்பான செய்திதான்.

அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவர் நாள்தோறும் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் உண்ணவேண்டும் என்று கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் என்கிறது. அதில் உருளைக்கிழங்கு முதலிய மாவுக் கிழங்குகள் சேரா. கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஒரே வேளையில் தின்னச் சொன்னால் மலைப்புத்தான். குழம்பில் ஒரு பங்கு, கீரையாக ஒரு பங்கு, மாலையில் ஒரு பழம் என்று பிரித்தால் அவ்வளவு கடினமன்று.

முதலில் குழம்பை எடுத்துக்கொள்வோம். காய் தின்னாத பிள்ளைக்குக் காயைத் தனியே பொரியலாக்கி வைத்தால், அது தட்டின் ஓரத்திலேயே கிடக்கும். மீனோடு சேர்த்துவிட்டால் அதற்கு மீனின் சுவை வந்துவிடுகிறது. இது நான் புதிதாகக் கண்டதன்று; நம் தமிழ்க் கடற்கரைச் சமையலிலேயே உள்ள வழக்கம். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போடாதவர் யார்? நெத்திலிக்கு மாங்காய் எவ்வளவு பொருத்தம்! இறாலோடு சுரைக்காய், இறாலோடு வாழைக்காய், கருவாட்டோடு மொச்சை என்று இணைகள் எத்தனையோ உண்டு. சென்னாக்கூனி என்னும் பொடி இறாலை வறுத்து முருங்கைக்கீரையில் கலந்து துவட்டினால், கீரை என்றாலே முகம் சுளிக்கும் சிறுவனும் இரண்டாம் முறை கேட்பான். நாம் செய்யவேண்டியது அளவை மாற்றுவதுதான். வாசனைக்காக இரண்டு கத்தரிக்காய் போடும் இடத்தில் அரைக் கிலோ போடலாம். மீன் குறைவாகக் கிடைத்த நாளில் சட்டியை நிறைப்பதற்கும் அது உதவும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்துக் குன்றும் காலங்களை அறிந்த மக்களுக்கு, இந்தக் கணக்கை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சேர்க்கையில் சுவைக்கு அப்பாலும் ஒரு நன்மை இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் மீன் இருந்தாலோ, வைட்டமின் சி இருந்தாலோ, ஏற்கும் அளவு உயர்கிறது. ஆகவே சைவ உணவினர்க்கு இல்லாத ஒரு வசதி வலைஞர் வீட்டுக்கு உண்டு. கீரையும் கூனியும் கலந்த துவட்டலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால், இரு உதவிகளும் ஒருங்கே வாய்த்துவிடும். அடுப்பின்மேல் இருக்கும்போது பிழியலாகாது. சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும். உணவோடு தேநீர் குடிப்பதோ இதற்கு நேர்மாறானது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் கெடுதலில்லை.

கீரைக்கு எங்கே போவது? முருங்கை மணற்பாங்கான இடத்திலும் வளரும். ஒரு கிளையை வெட்டி நட்டாலே போதும். மற்றவற்றுக்கு உரச்சாக்கு உதவும். பழைய சாக்கில் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, அடியில் நீர் வடியத் துளையிட்டு வைத்தால், நிலத்து உப்பு அதனுள் ஏறாது. சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரிசி களைந்த நீரையும், உப்புச் சேராத மீன் கழுவிய நீரையும் அதற்கே ஊற்றலாம். பூனைகளின் தொல்லைக்கு மட்டும் நான் பொறுப்பல்லேன். மீன் குடலும் செதிலும் வீணாகும் ஊரில் உரத்துக்கும் பஞ்சமில்லை. அவற்றோடு சம எடை வெல்லம் கலந்து, மூடிச் சில வாரங்கள் வைத்திருந்து, வடித்த சாற்றில் மிகுதியாக நீர் சேர்த்துச் செடிக்கு விடும் முறையைத் தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மையாளர் பலர் இன்று கையாளுகின்றனர்.

உவர் நிலத்தில் தானே முளைக்கும் உமரி போன்ற கீரைகளும் உண்டு. கொதிக்கவைத்து, உப்பேறிய நீரை வடித்துவிட்டுச் சமைப்பார்கள். அறிந்தவர் ஒருவர் உடனிருந்து காட்டாமல் எந்தச் செடியையும் பறிக்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு உப்புக் கீரை ஏற்றதுமன்று. அவர்கள் கருவாட்டையும் குறைத்துக்கொள்ள வேண்டியவர்கள்.

சமைப்பதில் இரண்டொரு சிறு குறிப்புகள். கீரையை ஆய்ந்து, கழுவி, பிறகே அரிய வேண்டும். அரிந்தபின் கழுவினால் நீரில் கரையும் சத்துக்கள் போய்விடும். குழம்பில் போடுவதாயின் இறக்குவதற்குச் சற்று முன்னர் போடுக. சிறிது எண்ணெயும் சேரவேண்டும். கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தாலே உடலில் ஏறும்.

தோட்டம் எல்லா வீட்டுக்கும் போதாது, சந்தையும் வேண்டும். விடியலில் கூடை நிறைய மீனோடு பேருந்து ஏறும் பெண்களை அப்பக்கத்தில் காணலாம். மீன் விற்றுத் தீர்ந்ததும், கையில் பணம் இருக்கும் அந்த வேளையிலேயே காய் வாங்குவதுதான் எளிது. வீடு திரும்பியபின் அப்பணம் கடனுக்கும் வலைக்கும் பங்காகிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது அக்கூடையில் பரங்கிக்காயோ அவரைக்காயோ வாழைக்காயோ வந்தால் மிக நன்று. பரங்கி வெட்டாதவரை பல நாள் கெடாமல் இருக்கும் என்பதால், தொலைவில் உள்ள ஊருக்கு அதுவே முதல் தேர்வு என்பேன்.

பழம் என்றால் ஆப்பிள் என்று நினைப்பது நகரத்துப் பழக்கம். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒருவரின் ஒரு நாள் தேவையைப்போல் அது இரண்டு மடங்குக்கு மேல். ஆப்பிளில் அதில் சிறு பகுதியும் கிடையாது. கொய்யா, பப்பாளி, வாழை, நாவல் என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதைத் தின்றால் போதும். சாறு பிழிந்து குடிப்பதைவிடக் கடித்துத் தின்பது மேல். சாற்றில் நார் நின்றுபோகிறது. கோடையில் நுங்கு தாகம் தணிக்கும். தை மாதத்துப் பனங்கிழங்கும் நல்ல உணவே. ஆயினும் அது மாவுப் பண்டமாதலின், நம் 400 கிராம் கணக்கில் சேர்க்க முடியாது.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒரு செய்தி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஏரிக்கரைப் பெண்களும் இந்நாட்டுப் பெண்களே. மீன் சுமப்பவளும் குழம்பு வைப்பவளும் பெரும்பாலும் அவளே. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் கடைசியாக உண்பவளும் அவளே. அப்போது சட்டியில் எஞ்சியிருப்பது சாறுதான். கீரையும் காயும் மீன்துண்டும் மேலோடு போயிருக்கும். எவ்வளவு கீரை ஆக்கினாலும் அது யாருக்கு வேண்டுமோ அவரைச் சேராமலே தீர்ந்துவிடுகிறது. குழம்பை இறக்கியதும் அம்மாவின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, அதன்பின் மற்றவர்க்குப் பரிமாறலாம். எடுத்து வைப்பவர் அம்மாவாக இருந்தால் கை தானே குறைத்துவிடும்; ஆதலால் அதைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவர் செய்வது நல்லது.