புது என்ஜின் வருகிறது: வியாபாரி எதைப் பார்க்க வேண்டும்?

எரிபொருளை மிச்சப்படுத்தும் புதுவகை பிஸ்டன் என்ஜின் பற்றி அடிக்கடி செய்திகள் வருகின்றன. "இதன் உதிரிப்பாகங்களை இறக்கினால் ஓடுமா?" என்று வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பணம் முடங்கும் விடயம் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

சாதாரண பெற்றோல் என்ஜினில் பிஸ்டன் கலவையை அமுக்கும் தூரமும், எரிந்த வாயு அதைத் தள்ளும் தூரமும் ஒன்றே. ஆகவே வாயுவின் விசை முழுவதும் பயன்பட முன்னரே புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எமக்கு அது நட்டம்.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் அட்கின்சன் 1880களிலேயே இதற்கு வழி கண்டார். அமுக்கும் தூரத்தைவிடத் தள்ளும் தூரத்தைக் கூட்டினார். எரிபொருள் மிச்சமானது. ஆனால் பிஸ்டனுக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே மேலதிக இணைப்புத் தண்டுகளும் மூட்டுகளும் தேவைப்பட்டன. மூட்டு கூடினால் செலவும் தேய்மானமும் கூடும்.

1997இல் பிரியஸ் காரை வெளியிட்ட டொயோட்டா அந்தத் தண்டுகளைத் தொடவில்லை. வழக்கமான கிராங்க் தண்டையே வைத்துக்கொண்டு, காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதித்து மூடச் செய்தது. உள்ளே வந்ததில் ஒரு பகுதி திரும்பிப் போவதால் அமுக்கம் குறைகிறது. தள்ளும் தூரமோ முழுதாக இருக்கிறது. இழுவை சற்றுக் குறையும். அதை மின் மோட்டார் ஈடுசெய்கிறது. எமது வீதிகளில் ஓடும் அக்குவா கார்களிலும் இதே முறைதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஜேர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் 1967இல் ஆர்ஓ 80 காரை வெளியிட்டது. ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணம் கொண்ட வாங்கல் என்ஜின் அதற்கு. பாகங்கள் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் முக்கோணத்தின் முனைகளில் இருந்த சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதத்தின்படி என்ஜின்களை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்தது. 1969இல் வொக்ஸ்வாகன் குழுமத்துடன் இணைய நேர்ந்தது.

ஆகவே புது என்ஜின் என்றதும் மூன்றைக் கேளுங்கள். இருக்கிற தொழிற்சாலை இயந்திரங்களில் அதை வார்த்துக் கடைய முடியுமா? எமது கராஜ் மெக்கானிக் அதைக் கழற்றிப் பூட்டுவாரா? முதலில் தேயும் பாகம் எது, அதன் செலவு யார் தலையில்?

மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் மாத்திரம் ஓடரைக் கொடுங்கள். செய்தியை நம்பிச் சரக்கை ஏற்றினால் அது றாக்கையில் தூசி பிடிக்கும். கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.