மணலில் பாரம் கடத்தல்: கட்டுமரக்காரரிடம் குடியானவர் கற்கத்தக்கவை

உத்திரமேரூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு மணல் புதிதன்று. செய்யாறானது மாகறல், பெருநகர் முதலிய ஊர்களை ஒட்டி ஓடித் திருமுக்கூடலில் வேகவதியோடு பாலாற்றில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் வந்து போன பின்னர், வருஷத்தின் பெரும்பகுதியில் இவ்வாறுகளில் காணப்படுவது மணலே. பாலங்கள் பல கட்டப்பட்டுள்ளன. ஆயினும் அக்கரையில் நிலமுடையவர்கள், எருவையும் விதையையும் சுற்று வழியில் கொண்டுபோகச் சலித்து, வண்டியை ஆற்று மணலிலேயே இறக்குவது இன்றும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், ஒரு குடியானவருடைய விதை நிலக்கடலை இருபது மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றி அக்கரைக்குக் கடத்தும்படி நானே யோசனை சொன்னேன். நடு ஆற்றில் வண்டி அச்சுவரையில் புதைந்தது. மாடுகளை அதட்டியும் அடித்தும் பார்த்தோம். வலத்து மாடு முழங்காலிட்டு விழுந்து கழுத்துத் தோல் கிழிந்தது. மூன்று வாரம் அதன்மீது நுகத்தடி வைக்க இயலவில்லை. விதைப்பும் அந்தமட்டில் பின்தங்கியது. குற்றம் மாட்டினுடையதன்று, பாரத்தின் அளவையும் மணலின் குணத்தையும் கருதாமல் யோசனை சொன்ன என்னுடையதே.

அதன் பின்னர் ஒருமுறை சதுரங்கப்பட்டினக் கடற்கரைக்குப் போயிருந்தேன். 2019ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்போது அவ்வூர் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களைக் கடந்து செல்லும் பாலாறு, அதற்குத் தெற்கே வயலூர் அருகில்தான் கடலில் சேர்கிறது. அங்கே அலையோரத்தில் வந்து சேர்ந்த ஒரு கட்டுமரத்தை, மாடுமின்றி, இயந்திரமுமின்றி, நான்கு பேர் உலர்ந்த மணல்மேட்டின் உச்சிக்குக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். ஒரு கூச்சலும் எழவில்லை. அவர்களில் மூத்தவரை அணுகி, "பெரியவரே, இவ்வளவு பாரத்தை எப்படிச் சிரமமின்றிக் கடத்துகிறீர்கள்?" என்று வினவினேன். "பாரத்தைத் தூக்குகிறவன் களைத்துப்போவான் ஐயா; பிரித்துக்கொள்கிறவன் களைக்கமாட்டான்" என்றார். அன்று பார்த்தவற்றையும், அவற்றின் காரணங்களையும் நம் குடியானவர்கள் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

கட்டுமரத்தின் அமைப்பு

இலேசான மரத்துண்டுகள் சிலவற்றை ஒழுங்காகச் செதுக்கிப் பக்கத்தில் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டியதே கட்டுமரம். ஆங்கிலேயர் இச்சொல்லையே தம் மொழியில் எடுத்துக்கொண்டு, இந்நாளில் இரட்டை உடலுள்ள படகுகளுக்கு வழங்குகின்றனர். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்பு, கப்பல்கள் கரைக்கு எட்ட நிற்கும். அலையைத் தாண்டிக் கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே.

இதில் ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தால், ஒரே பெரும் பாரமாயிருந்தது ஓர் ஆளோ இரண்டு ஆளோ தோளில் சுமக்கத்தக்க சிறு பாரங்களாகப் பிரிந்துவிடும். துண்டுகளைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவதற்கும் இதுவே ஏற்றது. நீர் குடித்த மரம் கனக்கும். உலர்ந்த மரம் மறுநாள் மிதப்பதிலும் சுமப்பதிலும் இலேசாயிருக்கும்.

கட்டை அவிழ்க்க நேரமில்லாதபோது வேறொரு முறையைக் கையாளுகின்றனர். ஒரு முனையை மட்டும் தூக்கி, மறுமுனையை மணலில் ஊன்றியவாறே, தூக்கிய முனையை முன்னே திருப்பி வைக்கின்றனர். பின்னர் மறுமுனையைத் தூக்கி அவ்வாறே செய்கின்றனர். கட்டுமரம் மணலில் அடிமேல் அடி வைத்து நடப்பதுபோல் நகரும். எக்காலத்திலும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியே மனிதர் கையில் இருக்கும். மீதிப் பாதியை மணல் சுமக்கும்.

மணல் ஏன் விழுங்குகிறது

சேற்று வயலில் ஏர்க்கொழு ஆழ இறங்குவதையும், அதே சேற்றில் ஆள் ஏறி நிற்கும் பரம்புப் பலகை மேலாகவே வழுக்கிச் செல்வதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். பாரம் குறுகிய இடத்தில் ஊன்றினால் அமிழும். அகன்ற இடத்தில் பரவினால் அமிழாது. மணலுக்கும் இதே நியாயந்தான்.

ஒரு கணக்கைக் கவனிப்போம். வண்டியும் சுமையும் சேர்ந்து 1,000 கிலோ என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள இரும்புப் பட்டைச் சக்கரம், 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு மணலைத் தொடுகிறதென்றால், இரண்டு சக்கரத்திற்கும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர் இடமே கிடைக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 கிலோவைத் தாங்க வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர் சக்கரம் 20 சென்டிமீட்டர் நீளம் தொட்டால் இடம் 600 சதுர சென்டிமீட்டராகும். பாரம் 2 கிலோவுக்கும் குறைந்துவிடும். 25 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமுமுள்ள இரண்டு பலகைகளின்மேல் அதே பாரத்தை வைத்தாலோ, சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிராமே விழும். அதாவது இரும்புப் பட்டைச் சக்கரத்தில் விழுவதில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் பலகை புதையாதேயன்றி, உலர்ந்த மணலில் அதன் உராய்வு மிகுதி. ஆகையால் பலகையில் இழுப்பது குறுகிய தூரத்திற்கே ஏற்றது.

ஈரத்தின் உபயோகம்

கட்டுமரக்காரர் அலை நனைத்த மணல்வழியே வேண்டிய இடத்திற்கு நேரே வரையில் வந்து, அதன் பின்னரே உலர்ந்த மணலில் மிகக் குறுகிய வழியாக ஏறுகின்றனர். காரணம், அளவான ஈரத்தில் மணற்பொடிகளுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. உலர்ந்த மணலில் அப்பிணைப்பு இல்லை. நீர் மிகுந்து மணல் முழுவதும் ஊறிப்போனாலும் அப்பிணைப்பு அறுந்துபோகும்.

எகிப்து தேசத்தில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜெஹுதிஹோத்தெப் என்பவரின் கல்லறைச் சித்திரத்தில், பெரியதோர் உருவச்சிலையைச் சறுக்குப் பலகையில் பலர் இழுக்க, ஒருவர் முன்னே மணலில் நீர் வார்ப்பது காட்டப்பட்டுள்ளது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டில் இதைப் பரீட்சித்து, தகுந்த அளவு ஈரமிருந்தால் இழுக்கும் பலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும், ஈரம் மிஞ்சினால் உராய்வு மறுபடி கூடுவதையும் கண்டனர்.

குடியானவர் கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. பாரத்தைப் பிரித்தல்: இருபது மூட்டையைப் பத்துப் பத்தாக இரண்டு நடையில் கடத்துக. எனது அனுபவத்தில் ஒரு நடையை மிச்சப்படுத்த எண்ணி மூன்று வாரத்தை இழந்தோம்.

2. வழியைப் பார்த்தல்: வண்டியை இறக்குமுன் ஓர் ஆள் தடியுடன் நடந்து செல்லட்டும். குதிகாலை ஊன்றினால் சிறிதே பதியும் ஈரமணலே நல்ல வழி. ஊன்றிய இடத்தில் நீர் கசிந்து மணல் அசைந்தால் அவ்வழி ஆகாது.

3. பரப்பைக் கூட்டுதல்: மணல் மிகத் தளர்ந்த இடத்தில் மூங்கில் தட்டி, தென்னங்கீற்று, பனையோலை இவற்றைச் சக்கரத் தடத்தில் பரப்புக. 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய பிரிட்டிஷ் படையினரும், தளர்ந்த மணலில் வண்டிகள் செல்லக் கித்தான் விரிப்பைச் சுருள் சுருளாக விரித்தனர். கடந்துபோன தட்டியை எடுத்து முன்னே போட்டுக்கொண்டு போகலாம்.

4. உருளைகளை இடுதல்: மோட்டார் அடித்தளம், கல், பெரிய அடிமரம் ஆகியவற்றை உருட்டுக் கட்டைகளின்மேல் தள்ளும்போது, உருளைக்குக் கீழே பலகை இருத்தல் அவசியம். பலகை இல்லாவிடில் உருளையே மணலில் புதைந்து தடையாகும்.

5. முனை மாற்றி நடத்துதல்: நீண்ட பொருளைச் சிலரே நகர்த்த வேண்டுமாயின், மேலே கூறிய கட்டுமர நடையைப் பின்பற்றுக.

6. புதைந்தபின் செய்ய வேண்டியது: மாட்டை அடிப்பதில் பயனில்லை. முதலில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சுமையை இறக்குக, சக்கரத்தின் முன்னுள்ள மணலைச் சரிவாக வெட்டுக, தட்டி இடுக, அதன் பின்னரே வெறும் வண்டியை இழுக்கலாம்.

டிராக்டர் வைத்திருப்போர் கவனிக்க

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. இவற்றைப் பிரித்துச் சுமக்க இயலாது. ஆதலால் சில ஊர்களில் டிராக்டர் கொண்டு மேட்டுக்கு இழுக்கின்றனர். வாடகைக்கு விடுவோர் சிலவற்றை மறவாதிருத்தல் நலம்.

சங்கிலியைப் பின்புறத்துத் தாழ்ந்த இழுவைக் கம்பியிலேயே மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால், பாரம் நகராதபோது முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னே கவிழ்ந்து ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்தாகும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் உடனே நிறுத்துக. சுழலச் சுழலக் குழி ஆழமாகும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் தொடும் பரப்பு கூடும். உற்பத்தியாளர் குறித்த அளவுக்குக் கீழே இறக்கலாகாது. தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்புக. இழுக்கும் கயிற்றின் நேரே எவரும் நிற்கலாகாது. அறுந்த கயிறு சாட்டையாக வீசும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் மணல்மேட்டில் முட்டையிடுவதால், அக்காலத்தில் சக்கரங்கள் ஒரே தடத்தில் போய்வருமாறு பார்த்துக்கொள்க.

கிராம அதிகாரிகளுக்கு

1,100 ஆண்டுகளுக்கு முன்னரே, பராந்தக சோழன் காலத்தில், ஏரிக்கென்றும் தோட்டத்திற்கென்றும் தனித்தனி வாரியங்கள் அமைத்து ஊர்க்காரியத்தை நடத்தியது உத்திரமேரூர். கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஆற்றைக் கடக்கும் தடமும் ஊர்ப் பொதுக்காரியமே. வெள்ளம் வடிந்த பின்னர், கடக்கத்தக்க ஒரு தடத்தை ஆராய்ந்து, இருபுறமும் கழி நட்டு அடையாளமிட்டு, இறங்கும் கரையையும் ஏறும் கரையையும் சரிவாக வெட்டிவைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே வழி தேடிப் புதைய வேண்டியதில்லை. வெள்ளந்தோறும் மணல் இடம் மாறுமாகையால், வருஷத்துக்கொருமுறை இதைச் செய்தல் வேண்டும். மூங்கில் தட்டிகள் சிலவற்றை ஊர்ப் பொதுவில் தயாராக வைத்திருப்பதும் அதிகச் செலவாகாது.

கட்டுமரக்காரர் செய்வதில் அதிசயம் யாதொன்றுமில்லை. பாரத்தைப் பிரிக்கிறார்கள், பரப்பை அகற்றுகிறார்கள், ஈரத்தைத் துணைக்கொள்கிறார்கள். இம்மூன்றையும் நம் குடியானவர்கள் அடுத்த விதைப்புக்கு முன்னரே பரீட்சித்துப் பார்ப்பார்களாக. எனது யோசனையால் ஒரு மாட்டின் கழுத்து புண்ணாயிற்று. இதைப் படித்தபின் ஒரு ஜோடி மாடாவது அத்துன்பத்தினின்று தப்புமாயின், இதை எழுதியதன் பயன் கிடைத்ததாகக் கொள்வேன்.