"ரொம்ப" என்றால் தப்பா?

பேச்சுத் தமிழில் ஒளிந்திருக்கும் பழந்தமிழ்

புதுச்சேரி யூனியன் பிரதேசம், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர், குருவிநத்தம். தென்பெண்ணை ஆறு அருகே ஓடுகிறது. கடலூர் மாவட்டம் கூப்பிடு தூரம்.

புதுச்சேரி, 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அதற்கு முன் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஆகவே, இந்த வட்டாரத்தில் நன்றாகப் படிக்கும் பையனை மூன்று மொழிகளில் பாராட்டலாம். ஆங்கில வாத்தியார், "வெரி குட்" என்பார். பிரெஞ்சு வாத்தியார், "த்ரே பியேன்" என்பார். வீட்டில் அம்மா, "ரொம்ப நல்லதுப்பா" என்பாள்.

மூன்றும் ஒன்றுதான். ஆனால் "வெரி" என்று எழுதக் கூசாத கை, "ரொம்ப" என்று எழுதக் கூசுகிறது!

"அது கொச்சை" என்கிறார்கள் சிலர். "தமிழ்ச் சொல் ர என்ற எழுத்தில் தொடங்காதே! வேறு மொழிச் சொல்லாக இருக்குமோ?" என்கிறார்கள் வேறு சிலர்.

உண்மை என்ன?

நிரம்பியது குடம்!

குடம் நிரம்புகிறது. ஏரி நிரம்புகிறது. அந்த "நிரம்ப" என்ற சொல்தான், பேச்சில் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு, "ரொம்ப" என்று ஆயிற்று. ஆகவே, அது நல்ல தமிழ்ச் சொல்லின் பிள்ளை. வேற்று ஊர்ச் சரக்கு அல்ல.

பக்கத்து மொழியைப் பாருங்கள். கன்னடத்தில் "மிக" என்பதற்கு "தும்பா" என்கிறார்கள். அதன் பொருளும் "நிரம்ப" என்பதே. மலையாளத்தில் "வளரெ" என்கிறார்கள். அது "வளர" என்பதில் இருந்து வந்தது. தெலுங்கில் "சாலா". அது நம் பழந்தமிழ்ச் சொல்லான "சால" என்பதன் உறவு!

மூன்று ஆறு ஆனது

மிகுதியைக் காட்டும் சொற்களாகத் தொல்காப்பியம் மூன்றைச் சேர்த்துச் சொல்கிறது. அவை: உறு, தவ, நனி. பின்னால், 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதினார். அவர் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து, ஆறாகச் சொன்னார்.

இவை எல்லாம் செத்துப்போன சொற்களா? இல்லை. மனு எழுதும்போது, "அன்பு கூர்ந்து" என்று எழுதுகிறோமே, அந்தக் "கூர்" இதுதான். அன்பு மிகுந்து என்று அர்த்தம். மேடையில், "சாலச் சிறந்தது" என்று பேசுகிறார்கள். திருக்குறளில் வரும் "உறுபசி", மிகுந்த பசி.

வெரி எங்கே இருந்து வந்தது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "வெரி" என்பதே ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கு அல்ல!

1066-ம் ஆண்டில், பிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்தில் புகுந்தன. "உண்மையான" என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லே, தேய்ந்து "வெரி" ஆனது. அந்தக் காலத்து ஆங்கிலேயர், "மிக" என்று சொல்ல "புல்" என்ற சொல்லையும் வழங்கினார்கள். "புல்" என்றால் நிரம்பியது. அவர்களும் ஒரு காலத்தில் "ரொம்ப" என்றுதான் சொல்லி இருக்கிறார்கள்!

பிரெஞ்சு "த்ரே" என்பதற்கு மூலம், "அப்பால்" என்று பொருள்படும் லத்தீன் சொல். அளவைக் கடந்து போவது என்று கருத்து.

எங்கே எதைச் சொல்வது?

ஒரே பொருள் என்றாலும், எல்லாச் சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்தாது. வழக்கம் வருமாறு:-

கடிதத்திலும் மனுவிலும் "மிக", "மிகவும்" என்று எழுதலாம்.

தூரத்துக்கும் காலத்துக்கும் "வெகு" பொருந்தும்: வெகு தூரம், வெகு நாள். இது வடமொழியில் இருந்து வந்த சொல்.

படிப்பு என்றால் "மெத்த": மெத்தப் படித்தவர். இதில் சில சமயம் கேலியும் இருக்கும்!

குறை சொல்லும்போது "படு" துணைக்கு வரும்: படு மோசம்.

யாழ்ப்பாணத் தமிழர், "கன நாள்", "கனக்க" என்பார்கள்.

எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மிக" என்பதற்குப் பிறகு க், ச், த், ப் வரும்: மிகப் பெரிய வீடு, மிகச் சிறிய ஊர். "மிகவும்" என்றால் வராது: மிகவும் பெரிய வீடு.

சொல்லே வேண்டாம்!

"மிக" என்ற சொல்லே இல்லாமல், மிகுதியைக் காட்டும் வித்தையும் தமிழில் உண்டு. சொல்லையே இரட்டித்துவிட்டால் போதும். மிகப் பச்சையான வயல், பச்சைப்பசேல். மிகச் சிவந்த பழம், செக்கச்செவேல். மிகச் சிறிய குழந்தை, சின்னஞ்சிறு குழந்தை. துணை யாரும் இல்லாதவன், தன்னந்தனியன்.

அளவோடு சொல்லுங்கள்

உப்பு நல்லதுதான். அதற்காக அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? இந்தச் சொற்களும் அப்படியே. எதற்கு எடுத்தாலும் "ரொம்ப, ரொம்ப" என்றால், உண்மையிலேயே பெரிய விஷயம் வரும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இராது.

டாக்டரிடம் போய், "ரொம்ப வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே வலி, எப்போது தொடங்கியது, தூங்க முடிகிறதா என்று சொல்லுங்கள். வைத்தியத்துக்கு அதுவே உதவும். மனுவில் "மிக மிக அவசரம்" என்று எழுதுவதோடு நிற்காமல், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

மற்றபடி, வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்கு, "உன்னைப் பார்க்க ரொம்ப ஆசையாக இருக்கிறது" என்று ஒரு தாய் எழுதினால், அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அவள் மனசு நிரம்பி இருக்கிறது. சொல்லும் அதையே சொல்கிறது!