வேலி தாண்டிய பூச்செடி

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் மூங்கிலால் பெயர் பெற்ற ஊர் என்பர். ‘பாசு’ என்றால் மூங்கில். அங்குள்ள வாசீசுவரர் கோயிலின் தலமரமும் மூங்கிலே. இன்று அந்த வட்டாரத்தில் தொழிற்பேட்டைகளும் வீட்டு மனைகளும் பெருகியுள்ளன. புது வீடு கட்டுவோர் வாசலில் பூச்செடி வைக்க விரும்புவது இயல்பே. எந்தச் செடியை வைப்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம் மட்டும்தானா? உண்ணிச்செடியின் கதையைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். சதுரமான தண்டு, சொரசொரப்பான இலை, கசக்கினால் காரமான நெடி. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள். தாவரவியலார் இதனை லாண்டனா கமாரா என்பர். இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி. ஐரோப்பியர் அழகுக்காக இதைத் தம் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பூஞ்செடியாகவும் வேலியாகவும் நாடெங்கும் பரவியது.

பறவைகள் செய்த விதைப்பு

இதன் பூ ஏன் நிறம் மாறுகிறது? பிரேசிலில் வாழ்ந்த இயற்கையியலார் ஃபிரிட்ஸ் முல்லர் 1877-இல் இதுபற்றி எழுதினார். அவர் கண்ட லாண்டனாப் பூ முதல் நாள் மஞ்சள், மறுநாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகள் பழைய ஊதாப் பூக்களை நாடவில்லை. நிறமே அவற்றுக்கு வழிகாட்டி!

பூக்கள் காயாகி, கருநீலப் பழங்களாகின்றன. மைனா, சின்னான் போன்ற பறவைகள் பழத்தைத் தின்று, விதையைத் தொலைவில் எச்சத்தோடு போடுகின்றன. தோட்டக்காரன் வேலி போடலாம். பறவைக்கு வேலி ஏது?

காட்டில் நேர்ந்தது

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இது புதர்புதராக மண்டியுள்ளது. அடர்ந்த புதரின் கீழ் வெயில் விழாததால் புல் முளைப்பதில்லை, மரக்கன்றுகளும் தலையெடுப்பதில்லை. புல் இல்லையேல் மானுக்கு இரை ஏது? கோடையில் காய்ந்த தண்டுகள் காட்டுத்தீக்கு விறகாகின்றன. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரை, அதாவது 40 விழுக்காட்டுக்கும் மேலான பரப்பை, இச்செடி அச்சுறுத்துவதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கால்நடைகளுக்கும் இதனால் தீங்குண்டு. இலையில் உள்ள லாண்டடீன் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்குகிறது. பச்சையம் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளைப் பழுதுற்ற கல்லீரலால் வெளியேற்ற இயலாது. அது தோலில் சேர, வெயில் பட்ட இடமெல்லாம் புண்ணாகிறது. இதன் பச்சைக்காயை நீங்களும் வாயில் வைக்காதீர்கள்.

ஒழிப்பது எப்படி?

வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். எனவே மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்க்கும் முறையை டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் வகுத்தனர். ஹவாய்த் தீவில் 1902-லேயே இதைத் தின்னும் பூச்சிகளை மெக்சிகோவிலிருந்து வரவழைத்தனர். முழு வெற்றி கிட்டவில்லை. நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்கள் இதன் தண்டுகளால் முழு உருவ யானைகளையே பின்னினர். அவை 2021-இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அயல் களைச்செடிகளை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

பூங்காவில் நட்ட செடியைக் காட்டிலிருந்து அகற்ற இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பாடு! நம் மண்ணிலேயே நல்ல செடிகள் உண்டு. கொத்துக்கொத்தாய்ச் சிவந்து பூக்கும் வெட்சி வாசலுக்கு அழகு. இட்லிப்பூ என்பதும் இதுதான். வேலிக்கு நொச்சி, ஆடு தொடாத ஆடாதோடையும் உண்டு. அடுத்த முறை நாற்றங்காலுக்குச் சென்றால், “இது எந்த நாட்டுச் செடி? இதன் பழத்தைத் தின்பது யார்?” என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு குழி தோண்டலாம்.