கமராவுக்கு மணி சொல்வது யார்?

வீதி விபத்து ஒன்றைப் பற்றி எழுதப்போய்த்தான் இந்த விடயத்துக்குள் நுழைந்தேன். மோதிவிட்டு நிற்காமல் போன வெள்ளை வான், சந்திக் கமராவில் மாலை 6.42க்குத் தெரிகிறது. இலக்கத் தகடு தெளிவில்லை. அரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த கடையின் கமராவில் 6.43க்கு ஒரு வெள்ளை வான், 6.50க்கு இன்னொன்று. எது அந்த வான்? கடைக்கார அண்ணா அதற்குள் மணியைக் கையால் திருத்திவிட்டார். முன்பு எவ்வளவு பிழையாக ஓடியது என்பது அவருக்கு ஞாபகமில்லை.

இணையத்தில் இணைந்த கருவி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம். அதற்கான என்.ரி.பி. நெறிமுறையை அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். கருவி ஒரு நேர சேர்வரிடம் மணி கேட்கும். கேள்வி போய் பதில் வர எடுத்த நேரத்தில் பாதியைக் கணக்கில் சேர்க்கும். சிக்கல் அந்தப் பாதியில்தான். போக 20 மில்லிசெக்கன், திரும்ப 180 என்றால் கணக்கு 80 மில்லிசெக்கன் பிழைக்கும். பாதை குறுகினால் பிழையும் குறுகும்.

கடைக் கமராவுக்கு 80 மில்லிசெக்கன் ஒரு பொருட்டல்ல. பெரிய பிரச்சினை சுமை. 2003இல் நெற்கியர் ரவுட்டர்கள் பலவற்றில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஒரேயொரு சேர்வர் முகவரி பதிக்கப்பட்டிருந்தது. செக்கனுக்கு இரண்டரை இலட்சம் கேள்விகள் வரை அங்கே குவிந்தன.

அதே ஆண்டு தொடங்கியதுதான் என்.ரி.பி. பூல். தன்னார்வலர்கள் தரும் சேர்வர்களை நாடு, கண்டம், உலகம் என்று வலயங்களாகப் பிரித்து, கேட்பவருக்கு முறை மாற்றிக் கொடுக்கிறது. ஒவ்வொரு சேர்வரையும் கண்காணித்துப் புள்ளி போடும். 10க்குக் கீழே இறங்கினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஜெர்மனி போன்ற நாட்டில் நூற்றுக்கணக்கானோர் சுமையைப் பகிர்கிறார்கள். ஒன்றிரண்டு சேர்வர்களே உள்ள சிறிய நாட்டில் முழு நாடும் அவற்றின் தலையில் விழும். தாங்காமல் ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவருக்கு இன்னும் பாரம். அப்படியான இடங்களில் கண்ட வலயத்தைக் கேட்பதே நல்லது.

இன்னொன்று: என்.ரி.பி. தருவது உலகப் பொது நேரம் மட்டுமே. +5.30 என்பதை நாம்தான் கருவிக்குச் சொல்லவேண்டும். 1996இல் அரசு மணியை முன்தள்ளி, 2006இல்தான் பழையபடி ஆக்கியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. அந்தப் பத்து வருடக் குழப்பத்தை எந்த நேர சேர்வரும் தீர்த்திருக்காது.

அண்ணாவின் பதிவுப் பெட்டியில் ‘ஏசியா டொட் பூல் டொட் என்ரிபி டொட் ஓர்க்’ என்று அடித்துக் கொடுத்தேன். மணி சரியாக நின்றது. என் குறிப்புப் புத்தகத்தில் வெள்ளை வான்கள் இன்னும் இரண்டுதான்.