பருவக்காற்றைக் கணக்கில் பிடிக்க முயன்றவர்

தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையை நாம் வழிவழி வந்த கதைகளால் அறிவோம். 1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டிலும் துயர் தீரவில்லை. பல இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். உயிர் பிழைத்தாற் போதுமென்று கடல் கடந்து, நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தோரும் பலர்.

மழை பொய்க்கும் என்பதைச் சில திங்கள் முன்னராவது அறிந்திருந்தால் தானியத்தைச் சேமித்திருக்கலாம் அல்லவா? அன்றைய அரசாங்கத்தார் இக்கேள்வியை 1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை இலாகாவின் தலைவர் ஹென்றி பிளன்போட் என்பவரிடம் விடுத்தனர். அவர் இமயத்தை நோக்கினார். அங்கே பனி மிகுதியாய்ப் படிந்த ஆண்டுகளில் நிலம் சூடேறுவது தாமதமாகும். சூடேறாத நிலம் கடற்காற்றை வலிந்து இழுக்காது. ஆகவே மழை குன்றும் என்று 1884இல் எழுதினார். 1886 முதல் இலாகா ஆண்டுதோறும் மழைக் குறிப்பு வெளியிடலாயிற்று. வேறு சிலரோ சூரியனிற் காணும் களங்கங்களே பஞ்சத்துக்குக் காரணமென வாதித்தனர். பஞ்சாங்கம் பார்ப்போரைப் பார்த்து நகைத்த அறிஞர்களும் வானத்தைத்தான் பார்த்தனர் என்பது வேடிக்கை!

பிளன்போட்டின் பின் வந்த ஜோன் எலியட் 1899இல் நல்ல மழை பெய்யுமென்றார். அவ்வாண்டோ மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் மூண்டது. தவறு தாளில் நிகழ்ந்தது, தண்டனை உழவனுக்கு.

1904இல் அப்பதவியை ஏற்ற கில்பேட் வோக்கர் வானிலையியல் பயின்றவரே அல்லர். கேம்பிரிட்ஜில் 1889இல் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். அவுஸ்திரேலியப் பழங்குடியினர் எறியும் பூமராங் எனும் வளைதடி எவ்வாறு எறிந்தவனிடமே திரும்புகிறதென ஆராய்ந்தவர். சிம்லா மைதானத்தில் அதனை வீசி மகிழ்ந்தவர். புல்லாங்குழலிலும் ஈடுபாடு உண்டு. இத்தகைய ஒருவரிடம் கோடிக்கணக்கான மக்களின் சோற்றுக் கேள்வி ஒப்படைக்கப்பட்டது.

மழைக்குக் காரணம் இன்னதென முன்னரே தீர்மானித்துக்கொண்டு அவர் தொடங்கவில்லை. உலகெங்குமுள்ள அவதான நிலையங்களின் வளியமுக்கம், வெப்பம், மழை ஆகிய அளவுகளைத் திரட்டினார். எது உயர எது தாழ்கிறது, எத்தனை திங்கள் கழித்துத் தாழ்கிறது என ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். இலாகாவின் இந்திய எழுத்தர்களே பக்கம் பக்கமாகக் கையாற் கணக்கிட்டனர். அவ்வுழைப்பு நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது எமக்குக் குறையாகவே படுகிறது.

சூரியக் களங்கங்களால் அதிகப் பயன் விளையவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. பசுபிக் சமுத்திரத்தில் அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. கிணற்றுத் துலாவின் ஒரு முனை தாழ மறுமுனை எழுவது போல! இதற்குத் தெற்கத்திய அலைவு எனப் பெயரிட்டு, 1924இல் வோக்கர் ஓய்வு பெற்றார்.

துலாவை மிதிப்பவன் யார்? அதை அவராற் கூற இயலவில்லை. ஆகவே ஐயுற்றோரும் பலர். அவர் 1958இல் மறைந்தார். 1969இலேயே யக்கோப் பியேக்னெஸ் என்னும் அறிஞர் விடையை விளக்கினார். பெரு நாட்டுக் கரையோரம் நத்தார் காலத்திற் கடல் வெப்பமுறுவதை அங்குள்ள மீனவர் குழந்தை இயேசுவைக் குறித்து எல் நினோ என அழைப்பர். பசுபிக் சமுத்திரத்தில் விரியும் அவ்வெப்பமும் வோக்கர் கண்ட அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மேலே ஓடும் காற்றுச் சுழற்சிக்குப் பியேக்னெஸ் வோக்கரின் பெயரையே சூட்டினார். பஞ்ச ஆண்டான 1877உம் கடுமையான எல் நினோ ஆண்டு என்பது இன்று அறிந்த செய்தி.

எனினும் கணக்கு இன்னும் முற்றவில்லை. 1997இல் எல் நினோ மிக வலுத்திருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. இலங்கையிலோ எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் மிகுந்தே பெய்கிறது. தக்கணத்து வயலைக் காயவிடும் அதே கடல்வெப்பம், சில திங்கள் கழித்து வன்னிக் குளங்களை நிரப்பிக் காலபோக வரம்புகளை உடைப்பதும் உண்டு.